காகத்துக்கு பிஸ்கட் வைத்தவர்

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் தினமும் அந்தப் பெண்மணியைப் பார்ப்பேன். அவருக்கு உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை; சேலை ஓரத்தில் உப்பு பூத்திருக்கும். இயர்போனில் எப்போதும் ஏதாவது விண்வெளிக் கதை கேட்டுக்கொண்டிருப்பார். கட்டைச் சுவரில் பிஸ்கட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். காகம் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்னும்.

“முன்னோருக்கா வைக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லீங்க, இனிமே வரப்போறவங்களுக்கு. வேற கிரகத்துலேர்ந்து யாராச்சும் வந்தா, பயமுறுத்தாம பழகத் தெரியணுமில்ல? அதான் இதுங்ககிட்ட கத்துக்கறேன்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது அவர் வருவதில்லை. காகம் மட்டும் வருகிறது. நேற்று நானும் பிஸ்கட் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அது கிட்டே வராமல், தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு, வேறு கிரகத்து ஆள் நான்தான்.