பழசும் இருந்துட்டுப் போகட்டும்

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை. ஒப்பந்த வேலைதான், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். மனுஷர் தங்கம். ஆனால் எதையாவது தூக்கிப் போடச் சொன்னால் முகம் சுண்டிவிடும். புது மிக்ஸி வந்த பிறகும் பழைய மிக்ஸி அடுப்பு மேடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓடாது. கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கு, உன்னை என்ன பண்ணுது?" என்பார்.

ஆஸ்பத்திரியிலும் இதே கூத்துதான். டாக்டர்கள் எக்ஸ்ரே படங்களை ப்ரவுசரில்தான் பார்ப்பார்கள். படம் திறக்க பிளக்-இன் என்று ஒரு சின்னத் துணை மென்பொருள் வேண்டும். புதியதை ஏற்றும்போது, "பழையதை நீக்கவா?" என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்கும். இவர் ஒரு தடவைகூட 'ஆமாம்' சொன்னதில்லை.

இந்த வருஷம் தலைமை அலுவலகத்து அம்மா ஒருவர் எல்லாக் கம்ப்யூட்டரையும் அங்கிருந்தபடியே சோதித்தார். முடிவு முழுக்கச் சிவப்பு. உடனே போன்.

"புதுசு போட்டாச்சு மேடம்!"

"போட்டிருக்கீங்க சார். பழசும் இருக்கே. அதுல இருக்கிற ஓட்டை வழியா யார் வேணாலும் உள்ள வரலாம்."

"அது சும்மாதான் இருக்கு மேடம்."

"திங்கட்கிழமைக்குள்ள எடுத்துடுங்க. இல்லேன்னா ஒப்பந்தம் வேற ஆளுக்குப் போயிடும்."

மகள் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நானே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மவுஸைப் பிடித்தபடி, பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட வந்தவர் மாதிரி தயங்கினார்.

"அப்புறம் தேவைப்பட்டா என்னடி பண்றது?"

"தள்ளுங்க, நான் அமுக்குறேன்."

ஒவ்வோர் அறையாகப் போய் 'நீக்கு' என்பதை அமுக்கித் தள்ளினேன். நான் முடித்த கையோடு இவர் எலும்பு டாக்டர் அறையில் ஒரு எக்ஸ்ரேயைத் திறந்து பார்த்தார். திரை வெள்ளை. அடுத்த அறையிலும் வெள்ளை. "சொன்னேனா இல்லையா!" என்று என்மேல் பாய்ந்தவர், பிளக்-இன்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டார். புதியது அணைந்தே கிடந்தது. ஏற்றியதோடு சரி, ஆன் செய்யவே இல்லை. இத்தனை காலமும் படம் காட்டியதெல்லாம் பழசுதான்!

"அப்போ நீங்க போட்ட புதுசு?"

"ஒரு நாள்கூட வேலை செய்யலடி."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் ஆன் செய்தார். யாருடைய முழங்காலோ பளிச்சென்று திரையில் வந்தது. பிறகு எல்லா அறையிலும் போய் ஆன் செய்துவிட்டு வந்தோம்.

திங்கட்கிழமை காலையிலேயே போன். ஸ்பீக்கரில் போட்டார். "எல்லாம் பச்சை சார். புதுசு போட்டதிலிருந்து ஒரு புகார்கூட இல்ல. இந்த மாதிரி ஆளை விடக்கூடாதுன்னு மேலிடத்துல சொல்லப்போறேன்."

நன்றி சொல்லி வைத்துத் தொலைக்க வேண்டியதுதானே?

"மேடம், ஒரு விஷயம். புதுசு நேத்துதான் ஓட ஆரம்பிச்சது. ஏத்தினா அது தானா ஆன் ஆகாது. அணைஞ்சு கிடந்ததை நான் கவனிக்கல."

நறுக்கென்று அவர் தொடையில் கிள்ளினேன். பாவி மனுஷா!

"ஐயையோ" என்றார் அந்த அம்மா. "மத்த ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் கிடக்குமோ? அங்கெல்லாம் இன்னிக்குத்தான் சார் பழசை எடுக்கறாங்க!"

"முதல்ல புதுசை ஆன் பண்ணச் சொல்லுங்க மேடம். இல்லேன்னா ஒரு படமும் திறக்காது."

"நீங்களே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிடுங்க சார். அடுத்த வருஷமும் நீங்கதானே பாக்கப்போறீங்க."

கிள்ளிய இடத்தை நானே தடவிவிட்டேன்.