கூரையைத் தூக்கிய வருஷம்

மும்பை செம்பூரில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வீட்டுப் படங்கள் வரைவது என் வேலை. மலைச்சரிவில், ஓடைக்கரையில், மரங்களுக்கு நடுவில் கட்டுகிற வீடுகள்தான் எங்களிடம் அதிகம் வரும். நிலத்தை வெட்டிச் சமன் செய்யமாட்டோம். அது சரிகிற வாக்கிலேயே தரையையும் இறக்குவோம். எந்த மாதம் எந்தப் பக்கத்திலிருந்து காற்று வரும் என்று பார்த்த பிறகுதான் ஜன்னல் வைப்போம். கர்ஜத் பக்கம் ஒரு வீட்டுக்கு, நாவல் மரம் ஒன்றை வெட்டக் கூடாது என்பதற்காகப் படம் முழுவதையும் மாற்றி வரைந்தேன். அந்த மரத்தின் நிழல் சாயங்காலம் எந்தச் சுவரில் விழும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அதை வரைந்துவிட்டுத் தாராவிக்கு வருவேன். எங்கள் வீடு ஒரே அறை, மேலே தகரக் கூரை. மூன்று பக்கச் சுவரும் அடுத்த வீடுகளோடு ஒட்டியவை. காற்றும் வெளிச்சமும் ஆளும் வர ஒரே கதவு. அதைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் எதிர்வீட்டுச் சுவர்.

என் கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் இருந்தார். இருமல் வந்தபோது பட்டறைத் தூசி என்று நினைத்தோம். சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காசநோய், அதிலும் சாதாரண மருந்துக்கு அடங்காத வகை என்றார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டே, "கிட்கி ஹை க்யா?" என்று கேட்டார். வீட்டில் ஜன்னல் இருக்கிறதா என்று. நாள் முழுக்க ஜன்னல் வரைகிறவள் நான். இல்லை என்று தலையாட்டினேன். குழந்தையைத் தனியாக வையுங்கள் என்றார்.

ஒற்றை அறையில் தனியாக எங்கே வைப்பது? நாலாவது படித்துக்கொண்டிருந்த மகளை மான்குர்த்தில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றினோம்.

ஒரு மத்தியானம் எங்கள் வீட்டையே படமாக வரைந்து அலுவலகத்தில் கட்டடக் கலைஞர் மேடத்திடம் காட்டினேன். அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வெகுநேரம் பார்த்தார். "இதுல நான் எங்கேர்ந்து காத்தைக் கொண்டு வருவேன், சொல்லு?" என்றார். பிறகு பென்சிலை எடுத்தார். "சுத்தியும் வழியே இல்ல. மேலதான். மேற்குப் பக்கம் ஒருத்தரும் மாடி கட்டலையோன்னோ? அந்தப் பக்கம் கூரையை ரெண்டடி தூக்கி, வலை அடிச்சிடு. சூடு மேலே போயிடும், கதவு வழியா புதுக் காத்து உள்ள வரும்."

மழைக்காலம் முடிந்ததும் தூக்கினோம். வேலை ஆட்கள் போன பிறகு, கட்டிலில் படுத்திருந்த கணவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்க வந்து பாரு. வானம் தெரியுது."

அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு கீற்று வானம். அதைப் பார்த்துக்கொண்டே அவர் தூங்கிப்போனார், இருமாமல். மாத்திரையும் வேலை செய்தது. இனி மற்றவர்களுக்குத் தொற்றாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், பொங்கலுக்கு மகளைக் கூட்டிவந்தேன். மத்தியானத்துக்கு மேல் வெயில் அந்தத் திறப்பு வழியாக எங்கள் தரையில் விழும். மகள் அதில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதினாள். இனி இங்கேயே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோம்.

அந்த வாரமே மேற்கு வீட்டு வாசலில் செங்கல் வந்து இறங்கியது. அந்த வீட்டுக்காரர் எங்கள் ஜில்லாக்காரர், இட்லி வியாபாரம். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் மாடி எடுக்கிறார். ஓடினேன்.

"அண்ணாச்சி, எங்க பக்கம் மட்டும் ஒரு ரெண்டடி விட்டுக் கெட்டுங்க. அவுகளுக்கு மூச்சு வாரதே அது வழியாத்தான்."

"நான் என்னம்மா செய்ய? எடமே கையகலம். அதுலயும் விட்டா, அவனும் வாரவளும் எங்க படுப்பாவ?"

சுவரை எப்படிச் சாய்த்துக் கட்டலாம், இரண்டு வீட்டுக்கும் எப்படிக் காற்று வரும் என்று வரைந்து எடுத்துப்போனேன். பொறுமையாகப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு தாயி. கீழ நாங்க ஆறு பேரு படுக்கோம். எனக்கு மட்டும் வேற வழி இருக்கா?"

காலில் விழுந்தேன். பதறிப் பின்னால் நகர்ந்தார். "எந்திரிம்மா, எந்திரி" என்றாரே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை.

சுவர் ஏறுவதைக் கணவர் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வானம் ஒவ்வொரு வரிசையாகக் குறைந்தது. "விடுட்டி. அவுக எடம், அவுக கெட்டுதாவ" என்றார். கதவுக்கு மேல் மின்விசிறி ஒன்று வாங்கி மாட்டினேன். சந்தின் சாக்கடை நாற்றத்தைத்தான் உள்ளே இழுத்தது. ஜூனில் அந்தச் சுவருக்கும் எங்கள் கூரைக்கும் நடுவில் தண்ணீர் கொட்டியது. திறப்பைத் தகரம் வைத்து நானே ஆணியடித்து மூடினேன். அந்த மழையிலேயே அவருக்குக் காய்ச்சலும் இருமலும் திரும்ப வந்தன. மகளை மறுபடி மான்குர்த்துக்கு அனுப்பினேன்.

வேறு வீடு பார்க்காமல் இல்லை. ஜன்னல் உள்ள அறைக்கு என் ஒருத்தி சம்பளம் எட்டவில்லை. எட்டிய ஒரு இடத்தில் இருமலைக் கேட்டதும் மறுத்துவிட்டார்கள். இப்போது அவர் காலையிலிருந்து சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போகிறவர்கள் வருகிறவர்களுக்காகக் காலை மடக்கி மடக்கி வைத்துக்கொள்கிறார். நான் செம்பூரில் யாரோ ஒருவரின் வராந்தாவுக்குக் காற்று வருகிற திசையைக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். முகக்கவசத்தோடு அப்பாவுக்குக் கொஞ்சம் தள்ளி, வாசல்படியில் உட்காருவாள். போன வாரம் சாயங்காலம் ஆனதும் எழுந்து, "அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

அவருக்கும் கேட்டது. எங்களுக்கு வழிவிடக் காலை மடக்கிக்கொண்டார். அப்புறம், "ஏட்டி, கூட்டிட்டுப் போ, மழை வாரதுக்குள்ள" என்றார்.

சயானில் ரயில் ஏறி குர்லாவில் மாறினோம். மான்குர்த்தில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினாள். தங்கை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று வாசலிலிருந்தே திரும்பினேன்.