சுற்றவிடாத மலை

போன வருடம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது, நான் பிழைத்து எழுந்தால் திருவண்ணாமலையைக் கிரிவலம் வருவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பிழைத்துத் தொலைத்தேன். டாக்டரோ நீண்ட ரயில் பயணம் இப்போதைக்குக் கூடாது என்றுவிட்டார். என்னைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. அன்றிலிருந்து நான் தும்மினால்கூட, வேண்டுதல் பாக்கி நிற்கிறதே என்று அவள் முகம் வெளுத்துவிடும்.

கடைசியில், மும்பை செம்பூரில் எங்கள் ஜன்னல் வழியே தெரியும் டிராம்பே மலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மலைன்னா மலைதான? சாமி எங்கயும் இருக்காருல்லா?"

இருப்பார். ஆனால் அந்த மலையை எப்படிச் சுற்றுவது? ஒரு பக்கம் எண்ணெய் ஆலைகள், ஒரு பக்கம் சேறும் அலையாத்திச் செடியுமாகக் கடற்கழி, மீதியெல்லாம் யாரையும் உள்ளே விடாத மதில். மேலே கரும்பாறையும் காய்ந்த புல்லும். இப்படி ஒரு மலை இருப்பதே மும்பையில் பாதிப் பேருக்குத் தெரியாது. இத்தனையும் படித்துப் படித்துச் சொன்னேன். பௌர்ணமியன்று காலையில் வெறுங்காலோடு கிளம்பிவிட்டாள். நான் செருப்போடுதான் போனேன்.

லாரிகள் உரசிக்கொண்டு போயின. கருவாட்டு வாடையும் கேஸ் வாடையும் மாறி மாறி மூக்கில் ஏறின. மலை என்னவோ வலப்பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தது. நான் முனகிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

மதிலருகே காவலாளி கையை நீட்டி மறித்தான். "ஆகே பந்த் ஹை. வாபஸ் ஜாயியே." இதற்கு மேல் வழியில்லையாம், திரும்பிப் போகச் சொன்னான்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான். "நான்தான் அப்பவே சொன்னேன்லா? பாதி சுத்தினது போதும், வா" என்றேன்.

அவள் நடுரோட்டில் அழ ஆரம்பித்துவிட்டாள். "பாதில விட்டா உங்களுக்குத்தான ஆகாது!"

எனக்கு எரிச்சலான எரிச்சல். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். ஆட்டோ பிடிக்கத் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, மலையைப் பார்க்க நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கைகூப்பினாள், என்னை வலம்வரத் தொடங்கினாள்.

"என்னட்டி இது? எல்லாரும் பாக்காங்க" என்று நெளிந்தேன்.

"அசையாம நில்லுங்க. மலை அசையுமா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அசையாமல் நின்றேன்.