நெய்னா பாயின் கஞ்சியும் என் நாக்கும்

நெய்னா முகம்மது என்னை ஒருமுறை நாலு பேர் முன்னால் வாயடைக்க வைத்தார். அது எழுபத்து நாலாம் வருஷம். பன்னிரண்டு வருஷம் அதை நான் மறக்கவில்லை.

நோன்பு மாசம். சிங்கப்பூர் தேக்காவுக்குப் பக்கத்துப் பள்ளிவாசலின் பின்பக்கம் பெரிய அண்டாவில் அவர் நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் பட்டினி கிடக்கிற மனுஷர், ருசி பார்க்க முடியாதே என்று நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன்.

"பாய், நான் வேதக்காரன், எனக்கு நோன்பு இல்ல. உப்பு பாத்துச் சொல்லவா?"

அவர் ஆவியில் முகத்தை நீட்டி ஒரு தடவை மோந்து பார்த்தார். "வேணாம் சூசையண்ணே, மணமே சொல்லுது. உங்க குழம்புக்குத்தான் நாக்கு வேணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு வந்திருந்த என் மனைவி ஜோசபினும் சிரித்தாள்.

நானும் சமையல்காரன்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கரண்டி பிடித்தவன். தேக்கா மார்க்கெட்டில் எனக்கு மீன் குழம்புக் கடை, அடுத்தது அவருடைய பிரியாணிக் கடை. எண்பத்திரண்டில் புதுக் கட்டடத்துக்கு மாறினபோது கடைகளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். அப்போதாவது இவர் தொலைவார் என்று நினைத்தேன். மறுபடியும் பக்கத்துக் கடை. அவருடைய வரிசை என் கடையை மறைத்துக்கொண்டு நிற்கும். அவர் சோற்றை என் மேசையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு என்னிடம் தண்ணீர் கேட்பார்கள்.

அவர் தென்காசிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். தட்டுக் கழுவி மேலே வந்தவர். வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். யாருக்கு எலும்பு பிடிக்கும், யாருக்கு ஊறுகாய் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பல்லில்லாதவர்களுக்குக் கறியைப் பிய்த்துப் போடுவார். இதெல்லாம் எனக்கும் செய்யத் தெரியும். செய்யத் தோன்றாது, அவ்வளவுதான்.

எண்பத்தாறு பொங்கலுக்குப் பிறகு அவர் படுத்துவிட்டார். ரத்தத்தில் புற்று என்றார்கள். அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டும். பூக்கடைக் கோவிந்தசாமி கடை கடையாகப் போய்ச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரத்தம் கொடுக்கிற இடத்தில் வாசலைத் தாண்டி வரிசை நின்றது. டாக்சி ஓட்டுகிறவர்கள், கோழி விற்கிற ஆ லெங், எங்கள் மாதா கோயில் பாட்டுக் குழு, கிராஞ்சிப் பண்ணையிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள். அதில் பாதிப் பேர் என் கடையிலும் சாப்பிட்டவர்கள்.

நானும் ஜோசபினும் வரிசையில் நின்றோம். "நான் படுத்தா இதுல கால்வாசியாவது வருமா?" என்று கேட்டேன்.

"முதல்ல படுங்க, பாப்போம்" என்றாள்.

என் முறை வந்தது. தாதி கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்பு அதிகம், எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினாள். என் ரத்தம்கூட அவருக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று கோபமாக வந்தது.

மே மாசம் நோன்பு பிறந்தது. இந்த வருஷக் கஞ்சியும் தன் கையால்தான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நின்றார் நெய்னா பாய். நிற்க உடம்பில் தெம்பில்லை. வெங்காயம் நறுக்க, தேங்காய் துருவ, அண்டாவைத் தூக்க என்று ஊரே வந்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மற்றவர்கள் செய்தார்கள். உப்பை மட்டும் அவரே போட்டார்.

முதல் நாள் நோன்பு திறந்ததும் ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது. சுற்றிப் பார்த்தால், "பாய் கைக்கு யாரு வர முடியும்!" என்று ஆளாளுக்குக் கண் கலங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன கஞ்சிக்கும் இந்த மனுஷருக்குப் பாராட்டா? எனக்குத் தாங்கவில்லை.

"கடல் தண்ணி மாதிரி இருக்குலா!" என்றேன் சத்தமாக.

கோவிந்தசாமி எழுந்தே விட்டார். "நீயெல்லாம் மனுஷனாய்யா? அவரு உக்காரவே முடியாம உக்காந்திருக்காரு, நீ உப்பு பாக்குறே."

ஈசூனில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜோசபின் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் நெய்னா பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"அன்னிக்கு நீங்க சொன்னது நெசமாண்ணே?"

"நெசம்தான். நேத்தும் கரிச்சுது."

"மருந்து நாக்கையும் கொன்னுடுச்சு, மூக்கையும் கொன்னுடுச்சு. கஞ்சியும் வெந்நியும் எனக்கு ஒண்ணுதான். இங்க யாரைக் கேட்டாலும் பிரியத்துல நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்குத்தான் என்னைப் புடிக்காது. இனிமே உப்பு நீங்க பாருங்க."

கரண்டியை வாங்கினேன்.

அன்று முதல் தினமும் நாலு மணிக்குக் கடையை ஜோசபினிடம் விட்டுவிட்டுப் போவேன். ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடிப்பேன். "கம்மி." "இன்னும் ஒரு கை." "போதும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. கஞ்சி பழைய கஞ்சியாகிவிட்டது. எல்லோரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள், என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் எரிந்தது. அதைவிட எரிந்தது, அந்தக் கஞ்சி அவ்வளவு நன்றாக இருந்ததுதான். நாற்பது வருஷம் கரண்டி பிடித்த எனக்கு அப்படி ஒன்று வாய்த்ததில்லை. நான் "போதும்" என்ற பிறகும் அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அண்டாவைப் பார்ப்பேன்.

பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார். மய்யித்தை அடக்கம் பண்ண எடுத்தபோது தெரு அடைத்துக் கூட்டம்.

நான் கடைசியாக அவரோடு பேசியது இருபத்தேழாம் நோன்பன்று. அன்றைக்குக் கறி போட்ட கஞ்சி. அவரால் உட்கார முடியவில்லை. அண்டாவுக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கோவிந்தசாமி, ஆ லெங், பள்ளிவாசல் ஆட்கள் என்று சுற்றிலும் நிறையப் பேர். நான் கரண்டியை எடுத்ததும் அவர் என் கையைப் பிடித்தார்.

"ஒரு மாசமா உப்பு மட்டுந்தான் சொல்றீங்க சூசையண்ணே. இன்னிக்கு ருசியையும் சொல்லுங்க. நல்லா இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நல்லாருந்தா, அதையும் வாயைத் தொறந்து இவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."