உதவிக் குழு பார்த்துக் கொடுத்த வீடு

அந்தச் சின்ன ஊரின் சலவைக் கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர் அவர். ஆணை விரும்பிய ஆண் என்பதற்காகச் சொந்தபந்தமே அடித்துத் துரத்தியதில் நாட்டை விட்டு ஓடி வந்தவர். அகதிகளுக்கான உதவிக் குழுத் தலைவி இதையெல்லாம் படிவத்தில் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, ஆள் தனியாகத் தவிக்கக் கூடாதே என்று, அவர் நாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டிலேயே கொண்டுபோய்க் குடிவைத்தார்.

மூன்றே வாரத்தில் விஷயம் கசிந்தது. அவருடைய தட்டும் தம்ளரும் தனியாகப் போயின. இன்று காலை பெட்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு நேரே தலைவியின் மேசைக்கு வந்தார் இஸ்திரிக்காரர்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா? உங்க ஆளுங்கதானே," என்றார் தலைவி.

"எந்த ஆளுங்களுக்குப் பயந்து ஓடி வந்தேனோ, அந்த ஆளுங்க மடியிலயே கொண்டுபோய் உக்கார வச்சிருக்கீங்க."

தலைவியின் முகம் சுண்டியது. "இந்த ஊர்ல வேற வீட்டுக்கு நான் எங்க போவேன்?"

"உங்க மாடி ரூம் வாடகைக்குன்னு அட்டை தொங்குதே."

தலைவி பேனாவை மூடி வைத்தார். "வளர்ற பிள்ளைங்க இருக்கற வீடு. தப்பா நினைக்காதீங்க."

"இதுல நினைக்க என்ன இருக்கு," என்று பெட்டியைத் தூக்கினார் அவர். "அவங்களும் இதையேதான் சொன்னாங்க. ஆனா அவங்க வாசல்ல உதவிக் குழுன்னு போர்டு மாட்டிக்கல."