மருந்து செலவாகாத வைத்தியம்

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆசிரியையாகப் போனேன். அடுத்த மழைக்காலத்தில் உடம்பு முழுக்க வலி பிடித்துக்கொண்டது. இன்ன இடம் என்று கைகாட்ட முடியாத வலி. தூங்கி எழுந்தால் இன்னும் அதிகம். கீழே டவுனில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், என் சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு “ஒன்றுமில்லை” என்று அனுப்பினார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! மாற்றல் கேட்டுக் கீழே வந்துவிடு என்று அண்ணன் நச்சரித்தார். எனக்கோ அந்த மலையையும் பிள்ளைகளையும் விட மனமே இல்லை.

மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாதான் முதலில் என்னை நம்பினார். “வலி நிஜந்தாம்மா. ஆனா ஊசியில போகாது. கொஞ்சங் கொஞ்சமா உடம்ப அசைக்கணும். தனியா இல்ல, சேர்ந்து” என்றார். என்னைப் போலவே வலியோடு வந்துகொண்டிருந்த ஏழெட்டு மலைப் பெண்களோடு சனிக்கிழமைதோறும் என்னையும் நடக்கச் சொன்னார்.

அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “வேல இல்லாம சும்மா நடந்து இன்னா பண்றதுங்க?” என்றார்கள். அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. இன்று உன் கொல்லையில், அதாவது மேட்டு நிலத்தில், நான் களையெடுத்தால், என் முறைக்கு நீ வந்தே ஆகவேண்டும். வைத்தியத்தையும் அதில் சேர்த்துவிட்டார்கள். வாரம் ஒருத்தி கொல்லைக்கு நடப்போம். முடிந்தமட்டும் குனிவோம், முடியாதபோது உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். வலிக்கிறது என்று யாரும் நின்றுவிட முடியாது, முறை இருக்கிறதே! களை என்று நினைத்து நான் சாமைப் பயிரையே பிடுங்கிப் போட்டேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சில மாதங்களில் உடம்பு என் சொல் கேட்க ஆரம்பித்தது. அப்போது டாக்டரம்மா முகம் வாடி வந்தார். “சனிக்கிழமைல மருந்தே செலவாகல, அப்புறம் இன்னா வைத்தியம்னு ஜில்லா ஆபீஸ்ல கேக்கறாங்க. அதிகாரி நேர்ல வர்றாராம். நிறுத்தச் சொல்லிடுவாரு போல.”

இது நின்றால் நான் மூட்டை கட்டவேண்டியதுதான்.

அதிகாரி வந்த சனிக்கிழமை என் முறை. எனக்குக் கொல்லையே கிடையாதே என்று சொல்லிப் பார்த்தேன். “பள்ளிக்கூடந்தாங்க உங்க கொல்ல” என்று அத்தனை பேரும் அங்கே வந்துவிட்டார்கள். இன்றைக்கு மட்டும் சுகாதார நிலையத்தில் போய் உட்காருங்கள் என்று கெஞ்சினேன். முறையை மாற்றுவதாவது!

சுகாதார நிலையத்தில் காலிப் பெஞ்சைப் பார்த்த கோபத்தோடு அதிகாரி டாக்டரம்மாவை அழைத்துக்கொண்டு மேடேறி வந்தார். பள்ளி முற்றத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தோம்.

“இதுல நோயாளி யாரும்மா?”

“அல்லாருந்தாங்க” என்றாள் ஒருத்தி, நிமிராமலே.

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். “நானுந்தான் சார். போன வருஷம் இந்த மேட்ட ரெண்டு எடத்துல உக்காந்துதான் ஏறுவேன். சம்பளம் பூரா மருந்துக்கும் பஸ்ஸுக்கும் போச்சு. இப்ப ஒரே மூச்சுல ஏறறேன்” என்றேன்.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். “நான் மூணு எடத்துல உக்காந்தேன்” என்றார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, “சனிக்கிழமை நடக்கட்டும்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

“அடுத்த வாரம் எங்க கொல்ல, டீச்சரம்மா. சாமைய பிடுங்காம இருக்கணும்.”

வலி முழுதாகப் போகவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் அடுத்த வாரம் போனேன். அந்த மலையில் இருந்த வரைக்கும் போனேன்.