முதலில் பாடிய மத்யமாவதி

நான் பாட ஆரம்பித்ததும் ஆட்கள் செருப்பைத் தேடப் போவார்கள். பல வருடமாக இப்படித்தான். மயூர் விஹாரில் ஒரு மாமி வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட்டுக்குக் கூடுவோம். வங்கியிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் வேலை பார்க்கிற பெண்கள், அவர்களுடைய கணவர்களில் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. கடைசிப் பாட்டு எனக்கு. ராகம் மத்யமாவதி.

கச்சேரியை மத்யமாவதியில் முடிப்பது வழக்கம். ஐந்தே சுரம். ச, ரி, ம, ப, நி. காந்தாரமும் தைவதமும் கிடையாது. அதுவரை பாடியதில் என்ன பிழை நடந்திருந்தாலும் இந்த ராகத்தைப் பாடினால் கழிந்துவிடும் என்பார்கள். அதாவது மற்றவர்கள் சுருதி விலகி, தாளம் தப்பி, வரி மறந்து கொட்டிய குப்பையை எல்லாம் கடைசியில் கூட்டி அள்ள வேண்டும். அந்தத் துடைப்பக்கட்டை நான்.

ஏன் எப்போதும் நான்தான் என்று ஒரு முறை மாமியிடம் கேட்டேன்.

“உன் குரல் கணீர்னு இருக்குடி. எல்லாரும் எழுந்துண்டு பேச ஆரம்பிச்சாலும் கேக்கும்” என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்.

ரிஷபத்தை, அந்த ‘ரி’யை, ஊன்றிப் பிடித்தேன் என்றால் சமையலறையில் மாமா சுண்டல் பாத்திரத்தைத் திறப்பார். அது அவருக்கு மணி அடித்த மாதிரி. மத்தியமத்துக்குப் போவதற்குள் ஒருவர் கைப்பையை மூடுவார், இன்னொருவர் டாக்ஸிக்கு போனில் தட்டுவார், மெட்ரோ பிடிக்கிறவர்கள் எழுந்து புடவையை உதறுவார்கள். பல்லவியை இரண்டு தரம் பாடிவிட்டு நிறுத்திக்கொள்வேன். அனுபல்லவி, சரணம் எல்லாம் எனக்குத் தெரியும் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

போன ஜூனில் இதற்கு மேல் பொறுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. தைராய்டில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை என்று சோதனையில் வந்தது. ஆனால் வளர்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மாறலாம், எதற்கும் சொல்லி வைக்கிறேன் என்றார் டாக்டர். நீங்கள் பாடுவீர்களா என்று கேட்டார். கடைசியில் பாடுவேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இருக்கிற குரலில் ஒரு தடவை மத்யமாவதியை முழுதாகப் பாட வேண்டும், நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். கட்டியைப் பற்றிக் கூட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்த்து உட்காருவார்கள். அது எனக்குத் தேவையில்லை.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு. எனக்கென்று ஒரு ஆளாவது இருக்கட்டும் என்று அலுவலகத் தோழியைக் கூட்டிப் போனேன். குவாலியர்க்காரி. கல்லூரியில் இந்துஸ்தானி சங்கீதம் படித்தவள். மாமியின் சுண்டலைப் பற்றி நான் சொல்லிச் சொல்லி அவளுக்கும் ஆசை இருந்தது. வெளியே அனல். கூலர் லொடலொடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்து மறுபடி தண்ணீர் குடித்தேன். மாமி சுருதிப் பெட்டியைத் தட்டிவிட்டதும் சொன்னேன்.

“மாமி, இன்னைக்கு மொதல்ல நான் பாடுதேன்.”

“நீயா? சரி பாடேன். ஆரம்பிக்கறதுக்கு வர்ணமா?”

ஆலாபனையைத் தொடங்கினேன். ரிஷபத்தில் நின்றேன். சமையலறையில் டங்கென்று மூடி திறந்தது. அடுத்தது எல்லாம் பழக்க தோஷம். ஜனக்புரியிலிருந்து இரண்டு மெட்ரோ மாறி அப்போதுதான் வந்து, இன்னும் வியர்வைகூடத் துடைக்காத ஒரு அம்மாள் விருட்டென்று எழுந்தார். எழுந்தபின் கடிகாரத்தைப் பார்த்தார். குழம்பினார். ஆனால் உட்காரவில்லை. அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். மாமா கரண்டியும் காகிதக் கப்புமாக வாசற்படியில் வந்து நின்றார்.

நிறுத்தினேன்.

“எல்லாரும் எங்க கெளம்பிட்டீங்க? இப்பதான ஆரம்பிச்சிருக்கேன்.”

“நீ மத்யமாவதியைன்னா பாடறே” என்றார் மாமா, நான்தான் தப்பு செய்தது போல. “சுண்டல் இன்னும் தாளிக்கவே இல்லை.”

“போய்த் தாளிங்க மாமா. ஜல்தி இல்ல.”

உட்கார்ந்தார்கள். பாடினேன். நன்றாகப் பாடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் நிஷாதம் சுருதியை விட்டு மேலே ஏறிக்கொண்டது. கேட்கிறவர்கள் கையைப் பிசைந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாசலில் செருப்பு மாட்டியாகிவிட்டது, ஆனால் கதவு திறக்கவில்லை என்பது மாதிரி இருந்தது அவர்கள் முகம். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, வாயில் வைக்கத்தான் முடியவில்லை.

பாடி முடித்ததும் தோழி என் பக்கம் சாய்ந்தாள். “க்யா ஹுவா? ஏன் எல்லோரும் எழுந்தார்கள்?” என்று இந்தியில் கேட்டாள். இது முடிக்கிற ராகம் என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

“முடிக்கிறதா? அரே, எங்களுக்கு இது சாரங் வகை. தோபஹர் கா ராக். நடுப்பகலில் பாடுவோம். பாதி நாள் பாக்கி கிடக்கிறது, எதை முடிப்பது?”

மற்றவர்கள் பாடத் தொடங்கினார்கள். கல்யாணி வந்தது, மோகனம் வந்தது. எல்லோரும் பாடி முடித்தபின்தான் சங்கடம் தெரிந்தது. முடிக்கிற ராகத்தை முதலிலேயே செலவழித்தாயிற்று. யாருக்கும் எழுந்திருக்கத் தெரியவில்லை. ஒருவர் இன்னொரு பாட்டுப் பாடினார். பிறகும் சும்மா உட்கார்ந்திருந்தோம். கூலர் லொடலொடத்தது. மாமா இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். ஜனக்புரி அம்மாள் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்தார்.

மாமி மெதுவாகச் சொன்னார். “இப்படியே எழுந்துண்டு போனா நன்னா இருக்காது. நீயே இன்னொரு தரம் பாடிடு. சின்னதா.”

“நீங்க பாடுங்களேன்.”

“எனக்கு அது பாடமில்லைடி. எப்பவும் நீதானே பாடறே.”

அங்கே இருந்த ஒருவருக்கும் பாடமில்லை. வருடக்கணக்காக என் தலையில் கட்டிவிட்டு ஒருத்தரும் கற்றுக்கொள்ளவே இல்லை.

“சின்னதா எல்லாம் கெடையாது” என்றேன். “முழுசாப் பாடுவேன். நடுவுல ஒரு ஆள் எந்திரிச்சாலும் அந்த எடத்துலயே நிப்பாட்டிருவேன். அப்பறம் அப்படியே வீட்டுக்குப் போங்க.”

“என்னடி மிரட்டறே?”

“ஆமா மாமி. மிரட்டத்தான் செய்யுதேன்.”

மாமா சுண்டல் பாத்திரத்தோடு வந்து தரையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். ஜனக்புரி அம்மாள் போனைக் கவிழ்த்து வைத்தார். கூலரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். எல்லோருக்கும் வேர்த்தது, எனக்கும்தான்.

இந்த முறை அவசரப்படவில்லை. எதையும் கூட்டிப் பெருக்கப் போவதில்லை, பாதி நாள் பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரிஷபத்தில் போதும் என்கிறவரை நின்றேன். நிஷாதம் அதன் இடத்தில் இருந்தது. அனுபல்லவி, சரணம், சுரம் என்று போனேன். ஒருவர் அசையவில்லை. ரசித்தார்களா, எழுந்தால் மங்களம் இல்லாமல் போகுமே என்று பயந்தார்களா என்று தெரியாது. பயம்தான் பாதி என்று நினைக்கிறேன். பரவாயில்லை, காது திறந்துதானே இருந்தது. தோழி கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முடித்தேன். “அச்சா, இப்ப எழுந்துக்கலாமா?” என்று கேட்டது மாமாதான்.

வெள்ளிக்கிழமை கட்டியை எடுத்தார்கள். மூன்று மாதம் பேச்சே காற்றாக வந்தது. பிறகு குரல் திரும்பியது, ஆனால் பழைய குரல் இல்லை. ஐந்து கட்டையில் பாடியவள் இப்போது நாலுக்கு இறங்கிவிட்டேன். அதிலும் மேல் ஷட்ஜத்தைத் தொட்டால் கீறுகிறது.

தீபாவளி கழிந்து மாமி போன் செய்தார். “வந்துடு. கடைசில நீதான்” என்றார். பழைய குரல் வராது மாமி என்றேன். “அதனால என்ன, யார் கவனிக்கப் போறா” என்றார். இந்த மனிதர்களை என்ன செய்வது? போனேன்.

கடைசியில் பாடினேன். ரிஷபம் வந்ததும் வழக்கம் போல எழுந்தார்கள், புடவையை உதறினார்கள், டாக்ஸிக்குத் தட்டினார்கள். மாமா மட்டும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். “அவ இன்னும் முடிக்கலை” என்று எழுந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். ஆனால் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் காலையே முறைத்துக்கொண்டு சரணம்வரை பாடினேன்.